ஏர்சாஃப்ட் துப்பாக்கியில் கழற வராத ஸ்க்ரூ: துப்பாக்கியின் உடம்புக்குச் சேதமில்லாமல் எடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஏர்சாஃப்ட் துப்பாக்கியை, அதாவது சின்ன பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கியைப் பிரிக்க உட்கார்ந்தால் பெரும்பாலான ஸ்க்ரூக்கள் சமர்த்தாக வந்துவிடும். ஏதாவது ஒன்று மட்டும் அசையாது. பலம் போட்டுத் திருப்பினால் தலையில் இருக்கும் பள்ளம் வழுவழுவென்று தேய்ந்து, திருப்புளி சுற்றிக்கொண்டே இருக்கும். இணையத்தில் இதற்கு ஆயிரம் வழிகள் கிடைக்கின்றன. அவற்றில் பாதி, கார் எஞ்சினுக்கும் சைக்கிளுக்கும் பொருந்துபவை. ஏர்சாஃப்டுக்கு அப்படியே எடுத்துவந்தால் துப்பாக்கி பாழாகும்.

காரணம் எளிது. இங்கே இருப்பவை பெரும்பாலும் 3 மில்லிமீட்டர், அதற்கும் குறைவான தடிமனுள்ள எஃகு ஸ்க்ரூக்கள். அவை இறங்கியிருக்கும் உடம்போ துத்தநாகக் கலவை, அலுமினியம், நைலான், ஏபிஎஸ் பிளாஸ்டிக் போன்றவை. ஸ்க்ரூவைவிட அதைச் சுற்றியிருப்பதுதான் எப்போதும் மென்மையானது. ஸ்க்ரூ போனால் சில ரூபாயில் இன்னொன்று வாங்கலாம். துப்பாக்கியின் நடு உடம்பான ரிசீவரில் மரை பிய்ந்துபோனால் அந்த உதிரி பாகம் கிடைப்பதே பெரும்பாடு. ஆகவே நாம் காப்பாற்றவேண்டியது உடம்பைத்தான். ஸ்க்ரூவைத் தியாகம் செய்யலாம்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு வரிசையை நம்பியிருக்கிறது: முதலில் காரணம், பிறகு சரியான பிட் (திருப்புளியின் முனை), அப்புறம் சூடு, கடைசியில் பலம். ஒரு படியில் செய்வது அடுத்த படியின் வாய்ப்பைக் கெடுத்துவிடக் கூடாது. தேய்ந்த தலையில் சூடு மட்டும் வைத்துப் பயனில்லை. ஆனால் சூடு வைத்துப் பார்த்துத் தோற்ற ஸ்க்ரூவுக்கு இன்னும் நாலு வழி பாக்கியிருக்கும்.

எடுத்துக்காட்டாக, உலகம் முழுக்க அதிகம் புழங்கும் எம்4 வடிவ மின்சாரத் துப்பாக்கியை, அதாவது வெர்ஷன் 2 கியர்பாக்ஸ் (மோட்டாரால் சுற்றிப் பிஸ்டனை இழுத்துவிடும் பல்சக்கரப் பெட்டி) உள்ளதை எடுத்துக்கொள்கிறேன். மற்ற வகைகளுக்கும் இதே முறை பொருந்தும். இடங்கள்தான் மாறும்.

முதலில் துப்பாக்கியை வெறுமையாக்குங்கள்

மேகசினைக் கழற்றுங்கள். மேகசினை எடுத்த பிறகும் ஹாப்-அப் அறையில் (குண்டுக்குச் சுழற்சி கொடுக்கும் ரப்பர் உள்ள இடத்தில்) ஒரு குண்டு உட்கார்ந்திருக்கும். பாதுகாப்பான பக்கம் நோக்கி ஓரிரு முறை சுட்டு அதையும் வெளியேற்றுங்கள். பிறகு பேட்டரியைப் பிடுங்கி, மேஜையிலிருந்து தள்ளி வையுங்கள். லித்தியம் பாலிமர் பேட்டரி பக்கத்தில் இருக்க, சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்கவே கூடாது. காஸ் துப்பாக்கி என்றால் காஸ் மேகசினுக்குள்தான் இருக்கும். அதைச் சூட்டிலிருந்து தூரமாக, முடிந்தால் வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

கியர்பாக்ஸ் வரை போகப்போகிறீர்கள் என்றால் இன்னொன்று உண்டு. பிஸ்டன் பாதி இழுபட்ட நிலையில் நின்றிருக்கலாம். அப்படி நின்றால் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும். ஸ்க்ரூக்களில் சில இறுகியிருப்பதுபோலத் தெரிவதற்கு இந்த அழுத்தமே காரணமாகவும் இருக்கலாம். கியர்பாக்ஸ் வெளியே வந்ததும், மோட்டாரோடு சேரும் பெவல் கியரைத் தடுத்து நிற்கும் சின்னக் கொக்கியை மெல்லிய திருப்புளியால் தள்ளிவிட்டால் கியர்கள் சர்ரென்று பின்னோக்கிச் சுற்றி, பிஸ்டன் முன்னே போய்விடும். பின்பக்கமாக ஸ்பிரிங்கை எடுக்கும் வசதியுள்ள கியர்பாக்ஸாக இருந்தால், மற்ற ஸ்க்ரூக்களைத் தொடும் முன்பே ஸ்பிரிங்கை எடுத்துவிடுங்கள்.

கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மைதானத்தில் போடும் அதே கண்ணாடி போதும். உடையும் பிட்டின் துண்டும், டிரில்லிலிருந்து வரும் உலோகத் தூளும், துள்ளும் ஸ்பிரிங்கும் கண்ணைத்தான் தேடி வரும்.

ஏன் வரவில்லை என்று பாருங்கள்

ஸ்க்ரூ அசையாததற்கு நாலே காரணம்தான்.

முதலாவது, பசை. தொழிற்சாலையிலேயே மரையில் திரெட்லாக்கர் போட்டு இறுக்கியிருப்பார்கள். ஸ்க்ரூவின் ஓரத்தில் நீலம், சிவப்பு, பச்சை, சில நேரம் மஞ்சளாகக் காய்ந்த பிசின் தெரியும். ஏர்சாஃப்டில் பாதிக்கு மேல் இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் அனுபவம். முக்கியமாக கிரப் ஸ்க்ரூ என்ற தலையில்லாத ஸ்க்ரூக்களிலும், அதிர்வு அதிகமுள்ள மோட்டார் பகுதியிலும் தாராளமாக ஊற்றியிருப்பார்கள்.

இரண்டாவது, துரு அல்லது உப்புப் பூத்தல். எஃகு ஸ்க்ரூவும் அலுமினிய உடம்பும் ஈரத்தில் சேர்ந்து கிடந்தால் வெள்ளைத் தூள்போல ஒன்று பூத்து மரையை அடைத்துக்கொள்ளும். மழையில் விளையாடிவிட்டுத் துடைக்காமல் பைக்குள் வைத்த துப்பாக்கியில் இதைப் பார்க்கலாம்.

மூன்றாவது, வெறும் இறுக்கம். யாரோ பேட்டரி டிரில்லால் முழு வேகத்தில் இறுக்கியிருப்பார்கள். முன்பே ஒருவர் கைவைத்த பழைய துப்பாக்கிகளில் இது சகஜம்.

நாலாவதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. நீங்கள் தப்பான திசையில் திருப்புகிறீர்கள், அல்லது வேறொரு ஸ்க்ரூ அதைப் பிடித்திருக்கிறது. குழலின் முனையில் மாட்டும் பிளாஷ் ஹைடர் இதற்குச் சரியான உதாரணம். அதைப் பற்றித் தனியாகவே சொல்கிறேன்.

டார்ச் அடித்து, முடிந்தால் பூதக்கண்ணாடியோடு ஸ்க்ரூவைப் பாருங்கள். தலைப் பள்ளத்தில் பெயிண்டோ அழுக்கோ அடைத்திருந்தால் ஊசி முனையால் சுத்தமாகத் தோண்டி எடுங்கள். பள்ளத்தின் அடியில் ஒரு துளி பெயிண்ட் இருந்தாலும் பிட் முழு ஆழத்துக்கு இறங்காது. பாதி ஆழத்தில் நின்று திருப்பினால் விளிம்பு சிதைவது நிச்சயம்.

பிட்: பாதி வேலை இங்கேதான்

இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துபோகாதீர்கள். ஏர்சாஃப்டில் தேய்ந்த தலைகளில் பெரும்பான்மை, தப்பான பிட்டால் தேய்ந்தவையே.

மின்சார ஏர்சாஃப்டின் தாய்வீடு ஜப்பான். டோக்கியோ மாருய் நிறுவனம் 1991ல் ஃபமாஸ் வடிவத்தில் கொண்டுவந்த துப்பாக்கியிலிருந்துதான் இந்த வகை பரவியது. ஜப்பானில் செய்த துப்பாக்கிகளில் பிளஸ் ஸ்க்ரூக்கள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தரத்தில் இருக்கும். பார்வைக்கு சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூபோலவே தெரியும். ஆனால் பள்ளத்தின் கோணமும் மூலையின் வளைவும் வேறு. சாதாரண பிலிப்ஸ் திருப்புளியை அதில் வைத்தால் முனை முழுவதும் இறங்காமல், கொஞ்சம் பலம் கொடுத்ததும் மேலே ஏறி வழுக்கும். ஜேஐஎஸ் ஸ்க்ரூ சிலவற்றின் தலையில் ஒரு சின்னப் புள்ளி குத்தியிருக்கும். எல்லாவற்றிலும் இருக்காது. ஜப்பானின் வெசல் போன்ற நிறுவனங்கள் செய்யும் திருப்புளிகள் இந்தத் தலைகளுக்கு அச்சாகப் பொருந்தும். அதே திருப்புளி சாதாரண பிலிப்ஸ் தலையிலும் நன்றாகவே உட்காரும் என்பதால், ஒரே ஒரு செட்தான் வாங்க முடியும் என்றால் இதையே வாங்குங்கள் என்பேன்.

அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. 3 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு ஜப்பானிய முறையில் 2ஆம் எண் திருப்புளி. ஐஎஸ்ஓ முறையில் செய்த ஸ்க்ரூவுக்கு 1ஆம் எண். தைவான், சீனத் தயாரிப்புகளில் இரண்டும் கலந்து வரும். ஆகவே எண்ணை நம்பாமல் கையால் சோதியுங்கள். துப்பாக்கியைத் திருப்பி, ஸ்க்ரூவின் தலை மேலே பார்க்கும்படி வைத்து, திருப்புளியை அதில் நிறுத்திவிட்டுக் கையை எடுங்கள். சரியான பிட் ஆடாமல் நிற்கும். ஆடினால் அடுத்த அளவைப் பாருங்கள். உள்ளே இறங்கும் பிட்களில் மிகப் பெரியதுதான் சரியானது.

வெர்ஷன் 2 கியர்பாக்ஸின் இரண்டு பாதி ஓடுகளைச் சேர்த்து மூடும் ஸ்க்ரூக்களில் நட்சத்திர வடிவ டார்க்ஸ் தலை அதிகம், பெரும்பாலும் டி10. இதற்கு டி9 உள்ளே போகும், திருப்பவும் செய்யும். அதுதான் ஆபத்து. இறுகிய ஸ்க்ரூவில் டி9ஐ வைத்துத் திருப்பினால் ஆறு முனைகளும் மழுங்கிவிடும்.

கிரப் ஸ்க்ரூக்களுக்கு ஆறு மூலையுள்ள ஆலன் கீ. 1.5, 2, 2.5 மில்லிமீட்டர் அளவுகளே அதிகம் வரும். துப்பாக்கியோடு இலவசமாகத் தரும் கீயை இறுகிய ஸ்க்ரூவுக்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் எஃகு மென்மையானது, தானும் முறுக்கிக்கொண்டு ஸ்க்ரூவையும் கெடுக்கும். இன்னொரு விஷயம்: உருண்டை முனையுள்ள ஆலன் கீ சாய்வாக வைத்துத் திருப்ப வசதியானது. ஆனால் இறுக்கத்தை முதலில் உடைக்க அது உதவாது. தட்டையான முனையை நேராக இறக்கியே திருப்பவேண்டும். கீயின் முனை வட்டமாகத் தேய்ந்திருந்தால், ஓரிரு மில்லிமீட்டரை கிரைண்டரில் தேய்த்து எடுத்துவிட்டால் புதிய விளிம்பு கிடைக்கும். தேய்க்கும்போது நீலம் பாரிக்க விடாமல் அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள்.

சூடு

பசைதான் காரணம் என்றால் சூட்டைவிட நல்ல மருந்து கிடையாது. லாக்டைட் போன்ற திரெட்லாக்கர்களில் நீல வகை கைக்கருவியால் கழற்றத் தக்கது. சிவப்பு வகையைக் கழற்ற சுமார் 250 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். தொழிற்சாலைகள் போடும் பெயர் தெரியாத பசைகள் பொதுவாக இதைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகும்.

ஆனால் ஏபிஎஸ் பிளாஸ்டிக் 100 டிகிரியை ஒட்டியே மென்மையாகிவிடும். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் 147 டிகிரி வாக்கில் இளகும். துத்தநாகக் கலவை 380 டிகிரிக்கு மேல் உருகும். அதனால் ஹீட் கன், காஸ் டார்ச் இரண்டையும் இந்த வேலையிலிருந்து விலக்கிவிடுங்கள். சூடு ஸ்க்ரூவுக்குள் மட்டும் போகவேண்டும். அதற்கு ஏற்ற கருவி சால்டரிங் அயர்ன்.

செய்முறை இதுதான். 40 முதல் 60 வாட் அயர்னைச் சூடேற்றி, முனையில் துளி ஈயம் பூசிக்கொள்ளுங்கள். ஈயம் இருந்தால் சூடு வேகமாகக் கடத்தப்படும். முனையை ஸ்க்ரூவின் பள்ளத்துக்குள் நேராக வைத்து அழுத்திப் பிடியுங்கள். உலோக உடம்பு என்றால் 30 முதல் 60 விநாடி. பிளாஸ்டிக் உடம்பு என்றால் 10 விநாடி வைத்து எடுத்துத் திருப்பிப் பாருங்கள், வரவில்லை என்றால் மீண்டும் 10 விநாடி. பிளாஸ்டிக்கில் இறங்கிய ஸ்க்ரூவை அதிகம் சூடாக்கினால் மரையே உருகி, ஸ்க்ரூ சுலபமாக வந்துவிடும். திரும்ப மாட்டும்போது அங்கே பிடிமானம் இருக்காது. ஈயம் பள்ளத்துக்குள் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தங்கினால் பிட் இறங்காது.

பசையைப் பொறுத்தவரை சூடாக இருக்கும்போதே திருப்பவேண்டும். ஆறவிட்டால் பசை மறுபடி பிடித்துக்கொள்ளும். அயர்னை எடுத்த கையோடு பிட்டை வைப்பதற்கு வசதியாக எல்லாம் தயாராக இருக்கட்டும். துரு விஷயத்தில் நேர்மாறு: சூடாக்கி, முழுவதும் ஆறவிட்டு, மறுபடி சூடாக்குங்கள். விரிந்து சுருங்கும்போது துருவின் பிடி விடும்.

வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் ஹாப்-அப் ரப்பர், வயர், மோட்டார் ஏதாவது இருந்தால் முதலில் கழற்றி எடுத்துவிடுங்கள். ஹாப்-அப் ரப்பர் கொஞ்சம் சூட்டிலேயே கெட்டுப்போகும். அது கெட்டால் குண்டு நேராகப் போகாது.

எண்ணெய் விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரானவன். டபிள்யூடி-40 போன்றவை துருவுக்கு உதவும், பசைக்கு உதவாது. அவை ஹாப்-அப் ரப்பருக்குள்ளும் சிலிண்டரின் ஓ-ரிங்கிலும் போனால் ரப்பர் ஊதிக் கெடும். பிளாஸ்டிக்கில் இழுவிசை உள்ள இடங்களில் எண்ணெய் பட்டால் வெடிப்புகூட வரும். துரு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், தீக்குச்சி முனையில் ஒரு துளி எடுத்து மரை ஓரத்தில் வைத்துவிட்டு ஓர் இரவு விடுங்கள். ஸ்பிரே செய்யவே வேண்டாம். எண்ணெய் வைத்த இடத்தில் உடனே அயர்னை வைக்காதீர்கள், புகைந்து தீப்பிடிக்கும். பசையைக் கரைக்க அசிட்டோன் ஊற்றச் சொல்வார்கள். ஏபிஎஸ்ஸை அது கரைத்துவிடும், பாலிகார்பனேட்டில் வெடிப்பு விழவைக்கும்.

திருப்பும் விதம்

துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு திருப்பாதீர்கள். மேஜையில் துணி விரித்து, முடிந்தால் ரப்பர் தாடை வைத்த வைஸில் மெதுவாகப் பிடித்து, ஸ்க்ரூ நேராக மேலே பார்க்கும்படி நிறுத்துங்கள். உங்கள் பலத்தில் முக்கால் பங்கு கீழே அழுத்த, கால் பங்குதான் திருப்ப. பிளஸ் தலைக்கு இந்த விகிதம் மிக முக்கியம். அழுத்தம் குறைந்த நொடியில்தான் பிட் மேலே ஏறுகிறது.

முதலில் இறுக்கும் திசையில் இம்மியளவு திருப்புங்கள். ‘டிக்’ என்று ஓர் உணர்வு கைக்கு வரும். பசையோ துருவோ அங்கே உடைகிறது. அதன் பிறகு கழற்றும் திசையில் திருப்புங்கள். அசைந்தால் சந்தோஷத்தில் ஒரேயடியாகச் சுற்றிவிடாதீர்கள். கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே என்று முன்னும் பின்னும் ஆட்டி எடுங்கள். மரையில் இருக்கும் பசைத் துகள் உதிர இடம் கிடைக்கும். ஒரே பக்கம் திருப்பினால் அது குவிந்து நடுவழியில் மறுபடி சிக்கும்.

அசையவில்லை என்றால், பிட்டை வைத்தபடியே திருப்புளியின் கைப்பிடி மேல் சின்னச் சுத்தியலால் நாலைந்து முறை தட்டுங்கள். தண்டு கைப்பிடியின் உச்சி வரை போகும் திருப்புளிதான் இதற்கு ஏற்றது. தட்டுதல் பிட்டை ஆழமாக உட்கார்த்தும், மரையின் பிடியையும் உலுக்கும். பலம் மிதமாக இருக்கட்டும். துத்தநாகக் கலவை ஓங்கி அடித்தால் விரிசல் விடும். பைக் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பெரிய இம்பாக்ட் டிரைவர் இங்கே வேண்டாம். பேட்டரி டிரில்லும் வேண்டாம், ஏனெனில் கைக்குத் தெரியும் அந்த முதல் வழுக்கல் மெஷினுக்குத் தெரியாது.

எந்த இடத்தில் என்ன கவனிக்கவேண்டும்

பிளாஷ் ஹைடர். எம்4 வகைகளில் இதுதான் அதிகம் பேரை அழவைப்பது. குழல் முனையில் உள்ள மரை பெரும்பாலும் 14 மில்லிமீட்டர் இடது மரை. முன்பக்கமிருந்து, அதாவது குழல் வாயைப் பார்த்தபடி நின்றால், கழற்றுவதற்குக் கடிகார முள் திசையில் திருப்பவேண்டும். வழக்கமான திசையில் திருப்பினால் இறுக்கிக்கொண்டே போவீர்கள். சில துப்பாக்கிகளில் சாதாரண வலது மரையும் உண்டு என்பதால் கையேட்டைப் பாருங்கள். திருப்பும் முன் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஒரு சின்ன கிரப் ஸ்க்ரூ இருக்கும், சில நேரம் பெயிண்டால் மூடியிருக்கும். அதைத் தளர்த்தாமல் ஹைடரைத் திருப்பினால் குழல் மரையில் நீளமாக ஒரு கீறல் விழும். கிரப் ஸ்க்ரூவை எடுத்த பிறகும் வரவில்லை என்றால் மரையில் பசை இருக்கிறது. இந்த இடம் முழுக்க உலோகம் என்றால் மட்டும் அயர்னைக் கிரப் ஸ்க்ரூ துளை வழியாக உள்ளே வைத்து ஓரிரு நிமிடம் சூடாக்கலாம். உள்குழலையும் ஹாப்-அப்பையும் முதலிலேயே வெளியே எடுத்துவிடுவது நல்லது. பிறகு ஹைடரைத் தோல் துண்டு சுற்றி வைஸில் பிடித்து, வெளிக்குழலைக் கையால் திருப்புங்கள். ரிசீவரைப் பிடித்துத் திருப்பினால் அந்த முறுக்கு முழுவதும் குழல் ரிசீவரோடு சேரும் இடத்தில் போய் விழும்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் ஹைடரோ அதன் முனையோ ஆரஞ்சு நிறத்தில் வரும். விளையாட்டுத் துப்பாக்கி என்று பார்ப்பவருக்குத் தெரிய அதுதான் அடையாளம். பழுதுபார்க்கக் கழற்றினால் மறுபடி ஆரஞ்சிலேயே மாட்டுங்கள். பொது இடத்தில் நிஜத் துப்பாக்கி என்று யாராவது நினைத்தால் உயிருக்கே ஆபத்து.

கிரிப் அடித்தட்டு. கிரிப்பின் அடியில் ஓரங்களில் இருப்பவை தட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூக்கள். நடுவில் இருப்பது மோட்டாரின் உயரத்தைச் சரிசெய்யும் கிரப் ஸ்க்ரூ. தட்டைக் கழற்ற நடுவில் உள்ளதைத் திருப்பவேண்டியதில்லை. திருப்பினால் மோட்டாரும் கியரும் பொருந்தும் இடைவெளி மாறிவிடும். தட்டு வந்ததும் மோட்டாரை வெளியே எடுத்தால், கிரிப்பின் ஆழத்தில் கியர்பாக்ஸைப் பிடிக்கும் ஸ்க்ரூக்கள் தெரியும். அவை இருட்டில், ஆழத்தில் இருப்பதால் பிட் சாய்ந்து உட்கார்வது சுலபம். நீளமான மெல்லிய திருப்புளியும் டார்ச்சும் இல்லாமல் தொடாதீர்கள்.

பஃபர் டியூப். தோளில் வைக்கும் ஸ்டாக்கைத் தாங்கும் குழாயின் உள்ளே, அடியாழத்தில் ஒரு பெரிய ஸ்க்ரூ இருக்கும். தண்டின் நீளம் 200 மில்லிமீட்டருக்குக் குறையாத திருப்புளியோ நீள ஆலன் பிட்டோ வேண்டும். பேட்டரி வயர் பின்பக்கம் வரும் துப்பாக்கி என்றால் வயர் இதே குழாய் வழியாகத்தான் போகும். பிட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே வயர் மாட்டியிருந்தால் நசுங்கும். இந்த ஸ்க்ரூ பெரியது, உறுதியானது என்பதால் இங்கே தாராளமாகப் பலம் கொடுக்கலாம். ஏர்சாஃப்டில் அப்படிச் சொல்லக்கூடிய ஒரே இடம் இதுதான்.

கியர்பாக்ஸ் ஓடு. ஸ்க்ரூக்களின் நீளம் வேறு வேறு. அட்டையில் கியர்பாக்ஸின் வடிவத்தை வரைந்து, எடுத்த ஸ்க்ரூவை அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். ஒன்று மட்டும் வரவில்லை என்றால், எடுத்தவற்றில் இரண்டு மூன்றைத் திரும்ப லேசாக மாட்டிப் பாருங்கள். ஓட்டின் இழுப்பு முழுவதும் அந்த ஒன்றில் நின்றிருந்தால் இப்போது தளரும்.

ஊசிகள். ரிசீவரை இணைக்கும் பின்கள் ஸ்க்ரூ இல்லை என்றாலும் இறுகுவதில் சளைத்தவை அல்ல. ஒரு முனையில் வரிவரியான செதுக்கல் இருந்தால், வழவழப்பான முனையிலிருந்து தள்ளவேண்டும். செதுக்கலுள்ள முனை முதலில் வெளியே வரட்டும். பித்தளை பஞ்ச் பயன்படுத்தினால் பெயிண்ட் உரியாது.

தலை தேய்ந்துவிட்டால்

இனி வருபவை ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கடுமையானவை. வரிசையை மாற்றாதீர்கள்.

கொஞ்சம்தான் தேய்ந்திருக்கிறது என்றால், வால்வ் தேய்க்கப் பயன்படும் கிரைண்டிங் பேஸ்ட்டைப் பிட் முனையில் தொட்டு வைத்துத் திருப்புங்கள். அதில் உள்ள மணல்போன்ற துகள் பிட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே பிடிப்பைக் கொடுக்கும். மெக்கானிக் ஷாப்பில் சுலபமாகக் கிடைக்கும். அகலமான ரப்பர் பேண்டை நடுவில் வைத்துத் திருப்பும் வழி எல்லோரும் சொல்வது. பசையில் ஒட்டிய ஸ்க்ரூவில் ரப்பர் கிழிந்துபோவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இறுக்கம் குறைந்த ஸ்க்ரூவுக்கு மட்டும் அது சரி.

ஆலன் பள்ளம் வட்டமாகிவிட்டால், அதைவிட இம்மியளவு பெரிய டார்க்ஸ் பிட்டைத் தட்டி இறக்குங்கள். 1.5 மில்லிமீட்டர் பள்ளத்துக்கு டி6, 2 மில்லிமீட்டருக்கு டி8, 2.5க்கு டி10 என்று தொடங்கி, வழுக்கினால் அடுத்த அளவுக்குப் போங்கள். ஏறக்குறைய உள்ளே போகும், ஆனால் கையால் போகாது என்ற அளவே சரியானது. தட்டும் முன் ஸ்க்ரூவை நன்றாகச் சூடாக்கிவிடுங்கள், பசை இளகிய பின் திருப்பும் பலம் குறைவாகவே வேண்டியிருக்கும். தேய்மானம் லேசாக இருந்தால், 1.5 மில்லிமீட்டர் பள்ளத்தில் அங்குல அளவிலான 1/16 ஆலன் கீயை முயன்று பாருங்கள். அது 1.59 மில்லிமீட்டர் என்பதால் பல நேரம் இறுக்கமாக உட்கார்ந்துவிடும்.

ஸ்க்ரூவின் தலை வெளியே துருத்தியிருந்தால் வேலை சுலபம். நல்ல பல்லுள்ள லாக்கிங் பிளையரால் தலையின் விளிம்பைப் பிடித்துத் திருப்புங்கள். பிளையர் பிடிக்க இடமில்லாத உருண்டைத் தலை என்றால், சின்ன ரோட்டரி கருவியின் கட்டிங் டிஸ்க்கால் தலையின் குறுக்கே ஒரு கோடு வெட்டி, தட்டைத் திருப்புளியால் எடுக்கலாம். வெட்டும் முன் சுற்றிலும் இரண்டு மூன்று அடுக்கு டேப் ஒட்டுங்கள். கியர்பாக்ஸுக்குள் இரும்புத் தூள் போகாமல் எல்லாத் துளைகளையும் அடைத்துவிடுங்கள். மோட்டாரின் காந்தம் இரும்புத் தூளை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் மோட்டார் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

தலை பள்ளத்துக்குள் புதைந்திருந்தால் டிரில்தான். இங்கே நோக்கம் முழு ஸ்க்ரூவையும் குடைவது அல்ல. தலையை மட்டும் உதிர்ப்பது. 3 மில்லிமீட்டர் ஸ்க்ரூ என்றால் 3 மில்லிமீட்டர் பிட்டால், குறைந்த வேகத்தில், நடுவில் பஞ்ச் வைத்துக் குறி போட்டு, தலையின் ஆழம் வரை மட்டும் துளையிடுங்கள். தலை வளையம்போல் பிட்டோடு வந்துவிடும். இறுக்கிப் பிடித்திருந்தது தலைதான் என்பதால், அது போனதும் மேல் பாகம் கழன்று வரும். மீதமுள்ள தண்டு இப்போது துருத்திக்கொண்டிருக்கும். பல சமயம் விரலாலேயே அதைத் திருப்பி எடுக்கலாம், இல்லாவிட்டால் பிளையர் போதும். இடது பக்கம் சுற்றி வெட்டும் டிரில் பிட் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். துளையிடும்போதே அது ஸ்க்ரூவைக் கழற்றும் திசையில் இழுக்கும், பாதி வழியில் ஸ்க்ரூ தானே வெளியே வந்துவிடுவதும் உண்டு.

ஈசி அவுட் என்கிற எக்ஸ்ட்ராக்டர் பற்றி எச்சரிக்கை ஒன்று. 4 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ஸ்க்ரூவில் அது அருமையான கருவி. 3 மில்லிமீட்டரில் அதற்காகப் போடும் துளையும், உள்ளே போகும் எக்ஸ்ட்ராக்டரும் ஊசி மாதிரி மெல்லியவை. கடினமாக்கிய எஃகு என்பதால் வளையாமல் உடையும். உடைந்து உள்ளே தங்கினால் வீட்டில் உள்ள எந்த டிரில் பிட்டும் அதைக் குடையாது. 3 மில்லிமீட்டருக்கும் அதற்குக் கீழும் எக்ஸ்ட்ராக்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கிரப் ஸ்க்ரூவுக்குத் தலையே இல்லை. டார்க்ஸ் தட்டியும் வராவிட்டால், அதைப் பொறுத்தவரை முதலில் கேட்கவேண்டியது: இதை எடுத்தே ஆகவேண்டுமா? ஹைடரில் உள்ளது என்றால், 2 மில்லிமீட்டர் டிரில்லால் ஸ்க்ரூவின் நடுவைக் குடைந்து, அதன் அழுத்தத்தை மட்டும் குறைத்தால் ஹைடர் திரும்பிவிடும். மரைக்கு வரும் சேதமும் குறைவு.

திரும்ப மாட்டும்போது

எடுத்த பழைய ஸ்க்ரூவை மறுபடி போடாதீர்கள், தலையில் கொஞ்சம் தேய்மானம் இருந்தாலும் சரி. அதே நீளம், அதே மரையில் புதியது வாங்குங்கள். பிளஸ் தலைக்குப் பதிலாக ஆலன் தலை வாங்கினால் அடுத்த முறை நிம்மதி. தலையின் உயரம் குழிக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மரையில் ஒட்டியிருக்கும் பழைய பசையைச் சின்னப் பித்தளை பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். புதியதை மாட்டும்போது முதலில் கழற்றும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். மரையும் மரையும் பொருந்தும் இடத்தில் ஸ்க்ரூ ஒரு சின்னத் துள்ளலோடு இறங்கும். அங்கிருந்து இறுக்கத் தொடங்குங்கள். மென்மையான உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் பழைய மரையிலேயே ஸ்க்ரூ இறங்க இதுதான் வழி. இல்லாவிட்டால் குறுக்கு மரை விழும்.

திரெட்லாக்கர் எல்லா இடத்திலும் வேண்டாம். உலோகத்தோடு உலோகம் சேரும் கிரப் ஸ்க்ரூக்களுக்கு, குறைந்த பலமுள்ள ஊதா நிற 222 வகை போதும். அதிர்வு அதிகமான இடத்துக்கு நீல 243. சிவப்பு வகை ஏர்சாஃப்டில் எங்கும் தேவையில்லை. பிளாஸ்டிக் மரையில் திரெட்லாக்கரே போடாதீர்கள், சில பிளாஸ்டிக்குகளில் வெடிப்பு விழும். மரையின் நுனியில் கடுகளவு போதும். மோட்டார் உயர ஸ்க்ரூ தானாக நகர்கிறது என்று அதற்குப் பசை போடுவார்கள். அங்கே டெஃப்லான் டேப் ஒரு சுற்று சுற்றினால் நகரவும் நகராது, வேண்டும்போது திருப்பவும் முடியும்.

உடம்பின் மரை ஏற்கெனவே போயிருந்தால், சுவர் தடிமன் அனுமதிக்கும் இடத்தில் 3 மில்லிமீட்டரிலிருந்து 4 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கிப் புதிய மரை வெட்டலாம். 4 மில்லிமீட்டர் சாதாரண மரைக்கு 3.3 மில்லிமீட்டர் துளை, பிறகு மரை வெட்டும் டேப் கருவி. சுவர் மெல்லியது என்றால் ஹெலிகாயில் என்ற சுருள் கம்பி மரை இருக்கிறது, ஆனால் அதற்கும் கொஞ்சம் பெரிய துளை வேண்டும். இரண்டுக்கும் இடமில்லாத பிளாஸ்டிக்கில், இரண்டு பாகமாகக் கலக்கும் எபாக்ஸியைத் துளையில் நிரப்பி, முழுவதும் காய்ந்தபின் 2.5 மில்லிமீட்டர் துளையிட்டு மெதுவாக 3 மில்லிமீட்டர் மரை வெட்டுவது நன்றாகவே தாங்கும். குறைந்தது ஒரு நாள் காயவிடுங்கள்.

எல்லாம் மாட்டியதும் பேட்டரியைப் போட்டு, மேகசின் இல்லாமல் ஒற்றைச் சூட்டில் சில முறை இயக்கிப் பாருங்கள். மோட்டார் கீச்சிட்டால் உயர ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகச் சரிசெய்யுங்கள். அடுத்த விளையாட்டு முடிந்ததும் நீங்கள் கைவைத்த ஸ்க்ரூக்களை மட்டும் ஒரு தடவை தொட்டுப் பார்த்து, தளர்ந்தது இருந்தால் அப்போதே இறுக்கிவிடுங்கள்.